38 யூரோ தேங்காயெண்ணெய்

போன மாதம் வீட்டுக்கு வந்த மகள் கைப்பைக்குள் இருந்து ஒரு சின்னப் போத்திலை எடுத்து மேசையில் வைத்தாள். மண்ணிறக் கண்ணாடி, தக்கை மூடி, கையால் எழுதியதுபோல அச்சடித்த லேபல். "அப்பா, இதை ஒருக்கா மணந்து பாருங்கோ" என்றாள்.

திறந்து மூக்கில் வைத்தேன். தேங்காயெண்ணெய். அதற்குள் மல்லிகை. அடியில் சந்தனம் மாதிரி ஒன்று. விலை கேட்டேன். 100 மில்லிலீற்றர் 38 யூரோவாம். யாரோ ஒரு கைவினைஞர் கொஞ்சம் கொஞ்சமாகத் தயாரிக்கும், தலைமுடிக்கான வாசனை எண்ணெயாம். லேபலில் வரிசையாகப் பிரித்தும் போட்டிருந்தார்கள்: மேல் மணம் தேங்காய், நடு மணம் மல்லிகை, அடி மணம் சந்தனம்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. உன்ர அப்பம்மா மாதிரி மணக்குது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சண்டையை முடித்துவிடுவோம்.

ஒரு அகதிக்கு வாசனைத் திரவியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பாரிஸில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் ஏழு வருசம் விடியற்காலைத் துப்புரவு வேலை செய்தவன் நான். எனக்குத் தந்த இடம் கீழ்த்தளம். அங்கேதான் வாசனைத் திரவியங்கள் இருந்தன. முதல் மாதம் முழுக்கத் தலையிடி. பிறகு மூக்கு பழகியது. அதற்கும் பிறகு மூக்குக்கு ஆசை வந்தது. கண்ணாடித் தட்டுகளைத் துடிக்கும்போது சோதனைப் போத்தில்களில் இருந்து இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் இன்னொன்று என்று அடித்துக்கொண்டு ஒன்பது மணி மெத்ரோவில் வீட்டுக்கு வருவேன். சொல்லப்படும் மேல் மணம் லா சப்பல் வருவதற்குள் போய்விடும். நடு மணம் மத்தியானச் சாப்பாடு வரைக்கும். பின்னேரம் நித்திரையால் எழும்பும்போது கையில் மிச்சம் இருப்பதுதான் அடி மணம். ஆகவே முதல் அறிவுரை: கடையில் கடதாசித் துண்டில் மணந்து பார்த்துவிட்டு எதையும் வாங்காதீர்கள். தோலில் அடித்துக்கொண்டு வெளியே வாருங்கள். ஆறு மணித்தியாலம் கழித்தும் பிடித்திருந்தால் யோசியுங்கள்.

நான் பிரான்சுக்கு வந்தது 1990 இல். அடுத்த வருசம் ஜூன் 19 ஆம் திகதி ஒர்லியோனில் ஜாக் சிராக் ஒரு பேச்சுப் பேசினார். அப்போது அவர் பாரிஸ் நகரத்தின் மேயர். காலமெல்லாம் உழைக்கும் பிரெஞ்சுக்காரனுக்கு எதிர் வீட்டில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம், அரசாங்கக் காசு, போதாக்குறைக்கு அந்தச் சத்தமும் மணமும் என்று. சனம் கைதட்டியது. நாலு வருசத்தில் அவர் ஜனாதிபதியானார். 'சத்தமும் மணமும்' என்பதையே பெயராக வைத்து 1995 இல் ஸெப்தா என்ற துலூஸ் இசைக்குழு ஒரு இசைத்தட்டு வெளியிட்டது. அவர்களுக்குப் பாட்டாவது வந்தது. எங்களுக்கு வந்தது பயம்தான். யன்னலைப் பூட்டிவிட்டு மீன் பொரித்தோம். ஜக்கெற்றை வாசலுக்கு வெளியே கொழுவினோம். மெத்ரோவில் பக்கத்தில் இருந்தவர் எழும்பிப் போனால் அவருடைய தரிப்பு வந்துவிட்டது என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம்.

இப்போது இந்த நாட்டின் மூக்கைக் கொஞ்சம் பாருங்கள். கோடை வந்தால் இங்கே எல்லாக் கடையிலும் 'மொனோய்' என்று ஒரு எண்ணெய் விற்பார்கள். கடற்கரைக்குப் போகிறவர்கள் உடம்பிலும் தலையிலும் பூசுவார்கள். விடுமுறையின் மணம் என்று பிரெஞ்சுக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது இதைத்தான். என்ன அது? தாகித்தித் தீவுகளின் தேங்காயெண்ணெயில் தியாரே பூவை ஊறவைத்தது. அவ்வளவுதான். 1992 இல் இருந்து 'மொனோய் த தாகித்தி' என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. ஒரு லீற்றர் எண்ணெய்க்குக் குறைந்தது 10 பூ போடவேண்டும் என்பது வரை விதி இருக்கிறது. சிராக் மூக்கைப் பிடித்து ஒரு வருசம் ஆகவில்லை, தேங்காயெண்ணெயில் பூப் போட்டதற்கு அதே நாடு சான்றிதழ் கொடுத்துவிட்டது.

இன்னொன்று. பாரிஸுக்கு அருகே மொன்றூஜில் 1885 இல் இருந்து 'பப்பியே தார்மெனி' என்ற கடதாசி செய்கிறார்கள். சின்னப் புத்தகமாக இருக்கும். ஒரு துண்டைக் கிழித்துப் பற்றவைத்து அணைத்தால் புகையும். சமையல் மணத்தைப் போக்குவதற்கென்று பிரெஞ்சு வீடுகளில் கொளுத்துவார்கள். ஒரு துண்டு கொளுத்திப் பாருங்கள், வெள்ளிக்கிழமைப் பின்னேரம் உங்கள் வீட்டு வாசலில் நிற்பீர்கள். சாம்பிராணி! எங்கள் சாம்பிராணிப் புகைக்கு மேல்வீட்டுக்காரி தீயணைப்புப் படையைக் கூப்பிட்ட கதை உங்களில் பலருக்கும் இருக்கும்.

சாம்பிராணியும் வனிலாவும் லாப்தானம் என்ற பிசினும் சேர்ந்த கூட்டுக்கு வாசனைத் தொழிலில் 'அம்பர்' என்று பெயர். அந்தக் குடும்பத்தையே நெடுங்காலம் 'ஒரியென்ரல்' என்று அழைத்தார்கள். கீழைத்தேயம், அந்தப்புரம், பட்டுத்திரை, அந்தக் கண்றாவி எல்லாம். வாசனைகளை வகைப்படுத்தும் மைக்கேல் எட்வர்ட்ஸ் 2021 இல்தான் அந்தச் சொல்லைத் தன் அட்டவணையில் இருந்து எடுத்தார். சொல்லை எடுத்துவிட்டார்கள், சந்தோசம். ஆனால் கெர்லான் விசயத்தைக் கேளுங்கள். 1989 இல் சந்தனத்தையும் மல்லிகையையும் வைத்து 'சம்சாரா' செய்தவர் ஜோன்-போல் கெர்லான். அதை எப்படிச் செய்தேன் என்று 2010 இல் தொலைக்காட்சியில் சொல்லும்போது, கறுப்பன் மாதிரி உழைத்தேன், கறுப்பர்கள் எப்போதாவது அப்படி உழைத்தார்களோ தெரியாது என்றார். அவர் பாவித்த சொல் 'கறுப்பன்' என்பதைவிட மோசமானது. பிறகு மன்னிப்புக் கேட்டார், அந்த நிறுவனமும் கண்டித்தது. 2012 இல் நீதிமன்றம் 6000 யூரோ தண்டம் போட்டது. சந்தனமும் மல்லிகையும் எந்தக் கைகளால் வந்தன என்று அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சம்சாரா நல்லதா என்று கேட்டால், நல்லது. அதுதான் எரிச்சல். கோயில் வீதியில் கலியாண வீட்டுக்காரர் கடந்து போனமாதிரி இருக்கும். ஆனால் இரண்டு தரத்துக்கு மேல் அடித்தால் அந்தக் கலியாண வீடு முழுக்க உங்கள் மேல் ஏறி இருந்துவிடும்.

மல்லிகை விசயத்தில் எங்கள் ஆட்களை ஏமாற்ற முடியாது. 'ஜாஸ்மின் சம்பாக்' என்று லேபலில் கண்டால் அது எங்கள் குண்டு மல்லிகைதான். சத்தியமங்கலம், கோயம்புத்தூர், மதுரைப் பக்கத்துப் பூக்களைப் பிழிந்து சாறெடுக்கிறார்கள் என்று நினைக்கவேண்டாம். ஹெக்சேனில் கழுவி மெழுகாக்கி, அதை அல்ககோலில் கழுவி எடுக்கிறார்கள். ஒரு கிலோவுக்கு அறுநூறு எழுநூறு கிலோப் பூ போகிறது. நல்ல மல்லிகைக்குள் 'இன்டோல்' என்றொன்று இருக்கும். அது மலத்திலும் உள்ள பொருள். அந்தக் கொஞ்ச ஊத்தை இல்லாவிட்டால் மல்லிகை சவர்க்காரம் மாதிரி ஆகிவிடும். இதைச் சரியாகச் செய்தது செர்ஜ் லுத்தான்ஸின் 'ஆ லா நுயி', 2000 இல் வந்தது. இரவு பத்து மணிக்குப் பந்தலின் கீழ் நிற்கிற மணம். 2005 இல் வந்த முக்லெரின் 'ஏலியன்' அதே மல்லிகையை ஒலிபெருக்கியில் போட்டது. பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. மெத்ரோவுக்குள் வேண்டாம்.

நிலச்சம்பங்கி பிடித்தவர்கள் லுத்தான்ஸின் 'துபெரோஸ் கிரிமினெல்' பாருங்கள். முதல் பத்து நிமிசம் சித்தாலேபதான், பகிடி இல்லை. விண்டர்கிறீன் எண்ணெயில் உள்ள பொருள் அந்தப் பூவிலேயே இயற்கையாக இருக்கிறது. தலையிடிக்குப் பூசிவிட்டுப் படுத்த ஒரு ஆச்சியின் பக்கத்தில் யாரோ மாலையை வைத்துவிட்டுப் போனமாதிரி. பிறகு பூ மட்டும் மிஞ்சும். காசு இருந்தால் வாங்குங்கள்.

காசு இல்லாதவர்களுக்கு லலிக்கின் 'ஆங்கர் நுவார்', 2006. மழை பெய்த பின் கிணற்றுக்கட்டு. முழுக்க வெட்டிவேர். விற்கிற பிள்ளை "வெத்திவேர்" என்று மூக்கால் சொல்லித்தரும்போது சிரிக்காதீர்கள். அந்தச் சொல் தமிழில் இருந்துதான் பிரெஞ்சுக்குப் போனது. 'பச்சூலி'க்கும் அகராதிகள் தமிழைத்தான் காட்டுகின்றன. சொல் கப்பலேறியபோது யாரும் அதனிடம் விசா கேட்கவில்லை.

இப்போது 'கைவினைஞர்' கதை. 1976 இல் தொடங்கிய 'லார்த்திசான் பர்ஃபியூமர்', பெயரே கைவினை வாசனைக்காரர்தான். 2015 இல் அதை ஸ்பானியப் பெருநிறுவனமான புய்க் வாங்கியது. லு லாபோவும் ஃபிரெதெரிக் மாலும் 2014 இல் எஸ்தே லோடரின் கைக்குப் போய்விட்டன. மணம் அதனால் கெட்டுவிட்டது என்று சொல்லமாட்டேன். தக்கை மூடிக்கும் கையெழுத்து லேபலுக்கும் தனியாகக் காசு கொடுக்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். தலைமுடிக்கென்று விற்கும் வாசனைத் தெளிப்பான்களில் பெரும்பாலும் அல்ககோல்தான். நேரே அடித்தால் முடி காயும். சீப்பில் அடித்துச் சீவுங்கள்.

இவ்வளவும் வாசித்துவிட்டு, பார்த்தீர்களா, எல்லாம் எங்கள் முன்னோர் கண்டுபிடித்தது என்று ஒரு கூட்டம் எழும்பும். அவர்களோடும் எனக்குச் சண்டை. சாம்பிராணி சுமாத்திராவிலும் லாவோசிலும் மரத்தைக் கீறி எடுப்பது. தமிழ்க்கடையில் நீங்கள் வாங்கும் நெல்லி எண்ணெய்ப் போத்தில்கள் சிலதைத் திருப்பி வாசியுங்கள், முதலாவது பெயர் பரஃபின் எண்ணெயாக இருக்கும். தேங்காயெண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரதம் கழியாமல் காக்கிறது, பரஃபின் அதைச் செய்யாது என்று 2003 இல் ஒரு ஆய்வு வந்தது. செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கிற இந்தியக் கொம்பனிக்காரர் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

அப்படி முன்னோர் பெருமை பேசுகிறவர்கள் தங்கள் பிள்ளையின் தலையில் எண்ணெய் வைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பினார்களா? நான் அனுப்பவில்லை.

அம்மா 2003 இல் வந்தார், ஏ9 பாதை திறந்திருந்த காலம். மகளுக்கு அப்போது ஏழு வயது. நான் வேலைக்குப் போனபின் அவளை இருத்தி எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் பின்னிவிடுவார். சனிக்கிழமைகளில் தேசிக்காய் தேய்த்துத் தோயவார்ப்பார். அடுத்த வருசம் பள்ளிக்கூடக் கொப்பியில் ரீச்சர் ஒரு குறிப்பு எழுதிவிட்டார். மிகவும் மரியாதையான பிரெஞ்சு. பிள்ளையின் தலையின் மணம் பற்றி மற்றப் பிள்ளைகள் சொல்கிறார்கள், கவனிக்கமுடியுமா என்று. நான் ரீச்சரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே குசினிக்குப் போய் எண்ணெய்ப் போத்திலை எடுத்துக் குப்பைப் பையில் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். "செத்தவீட்டிலதான் தம்பி தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்ல" என்றார். "இஞ்ச உதெல்லாம் மணக்குது எண்டு சொல்லுவினம் அம்மா" என்றேன்.

எங்கள் ஊரில் 'மணக்குது' என்பது நல்லதுக்கும் கூடாததுக்கும் ஒரே சொல்தான். எந்த மணத்தைச் சொல்கிறேன் என்று அம்மாவுக்கு விளங்கியது. அன்றிலிருந்து அவர் தன் தலைக்கும் வைக்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் சின்னம்மா செத்த செய்தி வந்தபோது, துக்கத்துக்கு எண்ணெய் வைக்காமல் விடுவதற்கு எங்கள் வீட்டில் எண்ணெயே இருக்கவில்லை. 2011 இல் அம்மாவும் போய்விட்டார்.

மகளுக்கு அந்தக் கொப்பிக் குறிப்பு ஞாபகம் இருக்கிறது. போத்திலை மேசையில் வைத்துவிட்டு அதைத்தான் கேட்டாள். "ஏன் அப்பா எறிஞ்சனீங்கள்?" ரீச்சர் எழுதினவ என்றேன். "ரீச்சர் எறியச் சொல்லேல்லையே" என்றாள்.

போன சனிக்கிழமை லா சப்பலில் மல்லிகை மொட்டு வாங்கிவந்தோம். வேண்டியவர்களுக்கு முறையைச் சொல்கிறேன். பூவைக் காய்ச்சவேண்டாம், மணம் செத்துவிடும். மல்லிகை பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும் பூ. கிராஸ் ஊர்க்காரர் அந்தக் காலத்தில் கொழுப்பின்மேல் பூவைப் பரப்பி மணம் பிடித்ததும் இதனால்தான். ஈரமில்லாத மொட்டைப் பின்னேரம் இளஞ்சூட்டு எண்ணெயில் போடுங்கள். இரவு விரியும். காலையில் வடித்துவிட்டுப் புதுப்பூ. நாலைந்து நாள் இப்படிச் செய்யவேண்டும். பூவில் தண்ணீர் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். 24 பாகைக்குக் கீழே தேங்காயெண்ணெய் மெழுகுதிரி மாதிரி உறையும் என்பதால் பனிக்காலத்தில் போத்திலை ஹீற்றருக்குப் பக்கத்தில் வையுங்கள்.

எங்களுடையது நாலாம் நாள் வடித்தது. கடைப் போத்திலில் உள்ளதைவிட மணம் குறைவுதான், பொய் சொல்லமுடியாது. மகள் ஒரு யாம் போத்திலில் கொண்டுபோனாள். 38 யூரோப் போத்தில் பாதியோடு எங்கள் குளியலறையில் நிற்கிறது. அதுவும் நல்ல எண்ணெய். எறிய மனமில்லை.