கைக்குழந்தைகளின் சளி: இலவச ஊசியும் எமது தயக்கமும்

2022 நவம்பரில் ஒன்ராறியோவின் சிறுவர் வைத்தியசாலைகள் நிரம்பி வழிந்ததை எம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். ரொறொன்ரோவின் சிக்கிட்ஸ் வைத்தியசாலை அவசரமற்ற சத்திரசிகிச்சைகளைக் குறைத்தது. ஒட்டாவாவில் சிறுவர்களுக்கு இரண்டாவது தீவிர சிகிச்சைப் பிரிவு திறக்கப்பட்டது. இன்புளுவென்சா, கொரோனா இரண்டோடும் கூட வந்தது ஆர்.எஸ்.வி. என்ற வைரஸ்.

எமக்கு அது வெறும் தடிமன். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அப்படியல்ல. அதன் நுண்ணிய மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளியால் அடைபட்டால், பால் குடிக்கவும் முடியாது, மூச்சுவிடவும் முடியாது. ஒட்சிசன் கொடுத்து, சேலைன் ஏற்றிக் காத்திருப்பதுதான் பெரும்பாலும் வைத்தியம். இது வைரஸ் என்பதால் அன்ரிபயோற்றிக் கேட்டு வைத்தியரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

முன்பு இருந்த தடுப்பு மருந்தை மாதந்தோறும் ஏற்ற வேண்டும். விலையும் அதிகம். ஆகவே குறைமாதக் குழந்தைகள், இதய, நுரையீரல் நோயுள்ள குழந்தைகள் போன்றோருக்கே கிடைத்தது. 2023இல் கனடா அனுமதித்த நிர்செவிமாப், குளிர்காலம் முழுவதற்கும் ஒரே ஊசி. 2024 இலையுதிர்காலத்தில் ஒன்ராறியோ அதை எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் இலவசமாக்கியது. கணக்கெழுதிப் பிழைக்கும் எம் போன்றோருக்கு இதன் நியாயம் உடனே விளங்கும்: ஒரு பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவில் சில நாட்கள் கிடந்தால் ஆகும் செலவில் பல ஊசிகள் வாங்கலாம். ஆனாலும் ஆபத்துக் கூடிய குழந்தைகளோடு நிறுத்திக்கொண்ட மாகாணங்களும் அந்த ஆண்டில் இருந்தன.

"பிறந்த கையோடு இன்னொரு தடுப்பூசியா?" என்று எமது வீடுகளில் கேட்கிறார்கள். இது வழக்கமான தடுப்பூசி அல்ல. ஆயத்தமாகச் செய்யப்பட்ட நோயெதிர்ப்புப் புரதத்தையே குழந்தைக்கு ஏற்றுகிறார்கள். விரும்பாத தாய்மார் கர்ப்பத்தின் 32 முதல் 36 வாரத்துக்குள் தாங்களே தடுப்பூசி போடும் வழியும் உண்டு.

ஊரில் 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை குழந்தையை வெளியார் தூக்க மாட்டார்கள். காரணம் எதுவானாலும் குழந்தைக்கு அது காவல். இங்கே நாம் தை மாதக் குளிரில் மண்டபம் எடுத்து, இருமுகிற மாமாவிடமும் பிள்ளையைக் கொடுத்துப் படம் எடுக்கிறோம்.

இந்த வைரஸால் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்கு உட்பட்ட சுமார் 1,00,000 பிள்ளைகள் இறக்கிறார்கள். அதில் 97 வீதம் வறிய, நடுத்தர வருமான நாடுகளில். 2025 மே மாதத்தில்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த இரு வழிகளில் ஒன்றையாவது எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. எமது கைக்கெட்டிய தூரத்தில் அது இப்போதே இருக்கிறது. குளிர்காலத்தில் பிறக்கும் குழந்தைக்கு வைத்தியசாலையிலேயே போடுவார்கள். கோடையில் பிறந்த பிள்ளைக்கு, இலையுதிர்காலம் தொடங்கியதும் குடும்ப வைத்தியரிடம் நாமே கேட்க வேண்டும்.