பூட்ஸைக் கழற்றச் சொன்ன டாக்டர்



சில மாதங்களுக்கு முன் ஒரு சொக்சோ விவகாரமாக ஓர் அம்மாவோடு அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தோம். அவருக்கு வயது 55. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர். ஏழெட்டு வருஷமாக இனிப்பு நீர் வியாதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போவார், விரலில் குத்துவார்கள், "சோத்தக் குறைங்க" என்பார்கள், மாத்திரைப் பையோடு திரும்புவார்.

அன்றைக்கு இருந்தவர் ஓர் இளம் மலாய்க்கார டாக்டரம்மா. குடும்ப மருத்துவம் என்ற துறையில் மேற்பயிற்சி பெறுகிறவராம். ரத்தச் சோதனைத் தாளைப் பார்த்து மூடி வைத்துவிட்டு, "ஆன்ட்டி, என்ன வேலை செய்றீங்க?" என்று மலாயில் கேட்டார். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், காலையில் என்ன சாப்பாடு, வீட்டில் யார் யார் என்று கேள்வி போய்க்கொண்டே இருந்தது. நாலரைக்கு எழுந்து பெரட்டுக்கு ஓடுகிறவர், பத்து மணிக்குத்தான் வாயில் ஏதாவது போடுகிறார் என்று தெரிந்ததும் மாத்திரை சாப்பிடும் நேரத்தையே மாற்றி எழுதினார். கடைசியாக, "பூட்ஸைக் கழற்றுங்க" என்றார். ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று வேலைக்காட்டிலிருந்து நேரே வந்ததால் ரப்பர் பூட்ஸ் காலிலேயே இருந்தது.

கழற்றினால், உள்ளங்காலில் செம்பனை முள் ஒடிந்து சீழ் கட்டியிருக்கிறது! அந்த அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. இனிப்பு நீர் முற்றினால் கால் மரத்துப்போகும், முள் ஏறினாலும் உறைக்காது. அதே லயத்தில் இதற்கு முன் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவருந்தான் தவறாமல் கிளினிக்குக்குப் போய் வந்தவர். அவர் பூட்ஸை ஒருத்தரும் கழற்றிப் பார்க்கவில்லை.

இதைத்தான் நாம் யோசிக்க வேண்டும். டாக்டர் படிப்பு முடித்தவர் எல்லாரும் படித்தவர்தான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற நோயாளியை மட்டும் பார்த்துப் பழகியவருக்கு, அந்த நோயாளி பூட்ஸ் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் சேற்றில் நிற்பது எப்படித் தெரியும்? காய்ச்சல் என்று வந்தால், "எலி ஓடுற காட்டுலயா வேலை?" என்று கேட்கத் தோன்றினால்தானே எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலைச் சந்தேகிக்க முடியும்? கேட்காவிட்டால் பனடோல்தான்.

நம் நாட்டில் 1980-களின் இறுதியில் பல்கலைக்கழகங்கள் குடும்ப மருத்துவத்தை நான்காண்டு மேற்படிப்பாகத் தொடங்கின. இருதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்றில்லாமல், கைப்பிள்ளை முதல் கிழவர் வரை ஒரு குடும்பத்தையே பார்க்கிற நிபுணர்கள் இவர்கள். அரசாங்கக் கிளினிக்குகளில் வேலை செய்கிறார்கள். ஒரு வெள்ளி கொடுத்துப் போகிற இடத்திலும் நிபுணர் இருக்கக்கூடும் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

நம் சிறுவயதில் தோட்டத்து டிரசர் இருந்தார். வயிற்று வலிக்கும் தண்ணி மருந்து, தலைவலிக்கும் தண்ணி மருந்து, கலர்தான் வேறு. சிரிக்கிறோம், இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வீட்டில் எத்தனை பிள்ளை, எவன் குடிக்கிறான், எந்தப் பெண் அடி வாங்குகிறாள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறியபோது பல இடங்களில் டிரசரும் போனார், மருந்துக் கொட்டகையும் போனது. அந்த டிரசருக்குத் தெரிந்த சங்கதியெல்லாம் தெரிந்த ஒரு நிபுணர் வேண்டும் என்கிறோம். இது பேராசையா?

இல்லை என்பதற்குச் சாட்சி அமெரிக்காவில் இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்தித் தோட்டங்களில் பாடுபட்ட கறுப்பின மக்களை, பருத்தி பறிக்கும் இயந்திரம் வந்து வேலையிலிருந்து விரட்டியது. அங்கே மவுண்ட் பேயூ என்ற ஊரில் 1960-களில் ஜாக் கைகர் என்ற டாக்டரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சுகாதார நிலையம் அமைத்தார்கள். பிள்ளைகள் பசியால் மெலிந்து வருவதைக் கண்டு மருந்துச் சீட்டில் உணவை எழுதினார்கள். மளிகைக்கடையில் அதைக் காட்டிச் சாமான் வாங்கலாம். மருந்துப் பணத்தில் சோறா என்று மேலிடம் ஆட்சேபித்தது. பசிக்கு மருந்து சோறுதான் என்று கைகர் விட்டுக்கொடுக்கவில்லை. கிணறு தோண்டினார்கள், கக்கூஸ் கட்டினார்கள், மக்களே காய்கறி விளைவிக்கக் கூட்டுறவுப் பண்ணையும் வந்தது. கைகர் இந்த வித்தையைக் கற்றது பெரிய ஆஸ்பத்திரியில் அல்ல. மாணவராக இருக்கும்போதே தென் ஆப்பிரிக்காவில் பொலேலா என்ற ஏழைக் கிராமத்துச் சுகாதார நிலையத்துக்குப் போய்க் கற்றார்.

2010-ல் வந்த சட்டத்தின் கீழ், குடும்ப மருத்துவம் பயிலும் டாக்டர்களை ஏழைகள் வரும் சமூகக் கிளினிக்கிலேயே வைத்துப் பயிற்றுவிக்க அமெரிக்க அரசாங்கம் பணம் கொடுக்கத் தொடங்கியது. எங்கே பயில்கிறாரோ அங்கேயே தங்கிவிடும் டாக்டர்கள் அதிகம். நாற்றை எந்த மண்ணில் நடுகிறோமோ அந்த மண்ணைத்தானே அது பிடிக்கும்?

நம் இளம் டாக்டர்களும் தொழிலாளிகள்தாம் என்பதையும் மறக்க வேண்டாம். 2016 கடைசியிலிருந்து அவர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2021 ஜூலை 26-ல் கறுப்புடை அணிந்து அவர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றபோது, நிரந்தர வேலையோடு மேற்படிப்பு வாய்ப்பையும் கேட்டார்கள். ஒப்பந்தக்காரன் கையில் மாட்டிய நமக்கு அந்த வேதனை தெரியாதா என்ன?

தோட்டங்களை ஒட்டிய கிளினிக்குகளில் இந்தப் பயிற்சி டாக்டர்களைப் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, லயத்துக்குள் நடக்க வைக்க வேண்டும். சுகாதார அமைச்சிடமும் பல்கலைக்கழகங்களிடமும் நாம் கேட்பது இதைத்தான். தோட்டம் தனியார் நிலம், வாசலில் ஜாகா நிற்கிறான் என்ற சாக்கு வேண்டாம். வாசலைத் திறக்க வைப்பது சங்கத்தின் வேலை. இன்னொன்று: மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனால் எம்.சி. தராமல் நேரச் சீட்டு மட்டும் கொடுக்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு அது போதும். நாள் கூலிக்காரருக்கோ அன்றைய பிழைப்பே போச்சு. அடுத்த தவணைக்குப் போகவே மாட்டார். இதை எந்தப் பாடப் புத்தகம் டாக்டருக்குச் சொல்லும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

நாமும் மறைக்கக் கூடாது. சம்சு குடிப்பதை, மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து சாப்பிட்டதை, மருந்தடிக்கும்போது கையுறை போடாததை வெட்கப்படாமல் சொல்லுங்கள். பக்கத்து லயத்து இந்தோனேசியரும் வங்காளதேசத்தாரும் நம்மைவிடக் கூடுதலாகக் கட்டணம் கட்டுகிறவர்கள். பாஷை தெரியாமல் திணறினால் கூடப் போய் நில்லுங்கள்.

தோட்டக் கமிட்டித் தோழர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். உங்கள் வட்டாரக் கிளினிக்கில் குடும்ப மருத்துவ நிபுணர் இருக்கிறாரா, பயிற்சி டாக்டர் வருகிறாரா, கடைசியாக எந்த டாக்டர் லயத்துக்கு வந்தார் என்று விசாரித்து, அடுத்த கூட்டத்துக்கு முன் எழுதி அனுப்புங்கள். அந்தப் பட்டியலோடுதான் நாம் அதிகாரிகளைப் பார்க்கப் போகிறோம்.