காற்றை விற்ற விவசாயிகள்

அமெரிக்கா போய் வருகின்ற எமது வியாபாரிகள் நியூயோர்க்கையும் நயாகராவையும் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். வியாபாரம் படிக்க விரும்புவோர் அந்நாட்டின் கிராமப்புறத்தையும் ஒருமுறை சுற்றிவர வேண்டும்.

முதலில் அயோவா மாநிலம். கண்ணுக்கெட்டிய தூரம் சோளமும் சோயாவும், நடுவே காற்றாலைகள். அம்மாநிலத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் இன்று காற்றிலிருந்தே கிடைக்கிறது. காற்றாலை பிடிப்பது சிறு துண்டுக் காணிதான். சுற்றிலும் விவசாயம் வழமைபோல் நடக்கும். விளைச்சல் குறைந்த வருடத்திலும் குத்தகைப் பணம் வரும். ஆனால் காணிக்காரருக்குக் குத்தகை, இலாபம் கம்பனிக்காரருக்கு.

அடுத்து மினசோட்டா மாநிலத்தின் லூவர்ன். இங்குள்ள விவசாயிகள் வேறு கணக்குப் போட்டார்கள். குத்தகை எதற்கு, நாமே முதலாளியாவோம் என்று 66 பேர் சேர்ந்தார்கள். 2002இல் அவர்களது ‘மின்விண்ட்’ காற்றாலைகள் சுழலத் தொடங்கின. தனியொருவர் 15 வீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்க முடியாது என்று விதியும் வைத்தார்கள். பெரிய கை ஒன்று வந்து முழுவதையும் அள்ளிவிடக் கூடாதல்லவா? நல்ல ஏற்பாடு. கம்பனிகள் ஒன்பதாகப் பெருகின. பங்காளிகள் முந்நூறைத் தாண்டினார்கள்.

பிறகு நடந்ததுதான் எமக்குப் பாடம். பிந்தித் தொடங்கிய கம்பனிகள் 2006இல் மத்திய ஆணைக்குழுவுக்குச் சமர்ப்பிக்க வேண்டிய ஒரு பத்திரத்தைச் சமர்ப்பிக்கவில்லை. களவு எதுவுமில்லை, கவனக்குறைவுதான். அதற்காக சுமார் 19 இலட்சம் டொலர் தலையில் விழுந்தது. 2015இல் வங்குரோத்து மனு. காற்று வீசிக்கொண்டுதான் இருந்தது, காற்றாலையும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. ஒரு காகிதம் கவிழ்த்துவிட்டது.

எமது கதை என்ன? மச்சானும் மச்சானும் சேர்ந்து கடை போடுகிறோம். பங்கு வாயளவில். பதிவையும் வரியையும் கேட்டால், “கணக்கப்பிள்ளை பார்ப்பார்” என்கிறோம். இதை எழுதுகின்ற நானும் ஒரு கூட்டு வியாபாரத்தில் வருடாந்த அறிக்கையை மறந்து தண்டம் கட்டியவன்தான். அன்று கட்டிய பணத்தைவிட, யாருடைய பிழை என்று மச்சானோடு முகம் திருப்பிய மாதங்கள்தான் இன்றும் வலிக்கின்றன.

லூவர்னைப் பார்த்து, கூட்டு வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். கூட்டுச் சேருங்கள். பங்குக்கு எல்லை வையுங்கள். காகிதத்துக்குப் பொறுப்பாக ஒருவரைப் பெயர் குறித்து நியமியுங்கள். எல்லோருடைய பொறுப்பு என்றால், அது எவருடைய பொறுப்புமல்ல.