மோட்டார் வண்டியின் மாண்பு

ஒரு பொருளைக் கண்டவுடன் அதன் தோற்றத்தை வியப்பது மக்கள் இயல்பு. மோட்டார் வண்டியைக் காண்போரும் அதன் பளபளப்பையும் விரைவையுமே போற்றுகின்றனர். ஆயினும், வண்டியின் தரம் அவற்றில் மட்டும் இல்லை. அதில் ஏறிச் செல்வோரையும், அது செல்லும் வழியில் வாழ்வோரையும் அதனைச் செய்தவர் எவ்வளவு எண்ணிப் பார்த்தனர் என்பதிலேயே உண்மைத் தரம் உள்ளது. ஐரோப்பிய மோட்டார் வண்டிகளின் வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது.

ஜெர்மனி நாட்டுக் கார்ல் பென்ஸ் என்பவர் 1886ஆம் ஆண்டில் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். 1888ஆம் ஆண்டில் அவருடைய மனைவியார் பெர்த்தா, தம் மைந்தர் இருவருடன், மான்ஹைம் நகரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அத்தகைய வண்டியில் சென்றார். மேடுகளில் வண்டி ஏறவில்லை; மைந்தர் இறங்கித் தள்ளினர். பிரேக்குக் கட்டை தேய்ந்தது. செருப்புத் தைப்பவரைக் கொண்டு அதன்மீது தோல் பொருத்தச் செய்தார் அவ்வம்மையார். அப்பயணத்தின் பயனாக, மேடேறுதற்கு ஏற்ற கியர் ஒன்று பின்னர்ச் சேர்க்கப்பட்டது. பட்டறையில் புலப்படாத குறை, பாதையில் புலப்பட்டது.

தொடக்கக் காலத்தில் மோட்டார் வண்டி செல்வரின் உடைமையாகவே இருந்தது. அழகிய மேற்கூடுகள் அவரவர் விருப்பத்திற்கேற்பக் கையால் செய்யப்பட்டன. எளியோரை எண்ணியோர் பின்னரே தோன்றினர். பிரெஞ்சு நாட்டுச் சித்ரோயன் நிறுவனத்தின் தலைவர் பூலான்ஷே என்பவர், தம் பொறியாளர்க்கு ஓர் அளவுகோல் வகுத்தார். உழவர் இருவரும் 50 கிலோ உருளைக்கிழங்கும் வண்டியில் செல்ல வேண்டும்; உழுத நிலத்தின் ஊடே சென்றாலும் கூடையிலுள்ள முட்டைகள் உடைதல் கூடாது என்பதே அது. 1948இல் பாரிஸ் கண்காட்சியில் அவ்வண்டியைக் கண்ட பலர் அதன் உருவத்தை எள்ளி நகைத்தனர். நகைப்பு மறைந்தது, வண்டியோ 1990 வரை செய்யப்பட்டது.

'பழைய வண்டிகளே உறுதி வாய்ந்தவை. இக்கால வண்டிகள் வெறுந்தகரம்' என்று சொல்வோர் உளர். அவர் கூற்றில் ஒரு பகுதி உண்மையே. பழைய வண்டியின் பழுதை உரியவரே ஓரளவு நீக்கிக்கொள்ள முடிந்தது. இன்றோ கணிப்பொறி கொண்டு ஆராய வேண்டியுள்ளது. ஆயினும், நொறுங்காத வண்டி உயிரைக் காக்கும் என்பது மயக்கமே. வண்டி சிறிதும் நொறுங்காவிடின், மோதலின் தாக்குதல் உள்ளிருப்போர்மேல் பாயும். இதனை உணர்ந்த பேலா பரேனி என்னும் பொறியாளர், நடுப்பகுதி உறுதியாக நிற்க, முன்னும் பின்னும் நசுங்கித் தாக்குதலை ஏற்கும் அமைப்பை வகுத்தார். 1959இல் மெர்சிடிஸ் வண்டிகளில் அது இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனம், நீல்ஸ் போலின் என்பவர் வகுத்த மூன்றுமுனை இருக்கைப் பட்டையைத் தன் வண்டிகளில் பொருத்தியது. அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள இசைந்தது. பொருளீட்டும் வாய்ப்பினும் மனித உயிர் பெரிது எனக் கருதிய இச்செயல் பாராட்டுதற்குரியது.

துத்தநாகம் பூசிய தகடுகள் வந்தபின் வண்டியின் உடலைத் துருவும் எளிதில் தின்னவில்லை. ஆயினும், துருவினும் கொடியது ஒன்று உண்டு, அது பொய்ம்மை. ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், சோதனை நேரத்தில் மட்டும் நச்சுப் புகையைக் குறைத்துக் காட்டும் கருவி நிரலைத் தன் டீசல் வண்டிகளில் அமைத்திருந்தது 2015ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாறு விற்கப்பட்டவை ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம். அவ்வண்டிகளின் அழகுக்கோ விரைவுக்கோ குறைவில்லை. ஆனால், அவை விடும் புகையைச் சுவாசிப்போரை அவற்றைச் செய்தவர் எண்ணவில்லை. கைத்திறன் குறையாதிருந்தும் தரம் குன்றியது.

அறிவு வளர வளர வடிவங்கள் மாறும். இன்றைய புதுமை நாளைப் பழைமையாகும். மனிதரிடத்துக் கொண்ட அக்கறையும், செய்தொழிலில் வாய்மையும் மாறாதிருத்தல் வேண்டும். அவ்விரண்டும் உள்ள பொருளே தரமுள்ள பொருள். மோட்டார் வண்டியின் மாண்பும் அதுவே.