காவற்சேவகரின் செய்தி



மணிவண்ணன் இயக்கிய ‘அமைதிப்படை’யின் (1994) அமாவாசையைக் கண்டு நகைப்பது எளிது, அவனுடைய வஞ்சகம் வெளிப்படையானது. என்னைக் கலங்கச் செய்வது கே.வி. ஆனந்தின் ‘கோ’ (2011). முதலமைச்சரான இளந்தலைவன் குண்டுவெடிப்புச் சதியில் பங்குடையவன் என்றறிந்த பத்திரிகைப் புகைப்படக்காரன், அவன் மாண்டபின் அதை மறைத்து அவனைத் தியாகியாக்குகிறான். நல்ல கட்சி பிழைக்கவேண்டுமாம்! திரையரங்கே கைதட்டிற்று.

மத்தேயு 28-ஆம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியர் காவற்சேவகருக்குப் பணங்கொடுத்து, தாங்கள் உறங்குகையில் சீஷர்கள் உடலைக் களவாடினர் என்று சொல்லச்செய்தனர். தேசாதிபதியைச் சமாளிப்பதாகவும் வாக்களித்தனர். (உறங்கியவர் கள்வரை எங்ஙனம் கண்டனரோ!) அவர்களும் தேவாலயத்தைக் காப்பதாகவே எண்ணியிருப்பர்.

இராஜபாளையமாயினும் ஸ்ரீவில்லிபுத்தூராயினும், தேர்தல் காலத்தில் நம் தரப்புக்கு உதவும் பொய்யே ஆராயப்படாமல் பரவுகிறது. சபையின் வாட்ஸ்அப் குழுவில் அத்தகையதொன்றைக் கண்டால், அனுப்பியவர் மூப்பரேயாயினும், அவரைத் தனியே சந்தித்துக் கேளுங்கள்.