கடைசிப் பத்து மீட்டர்

உங்கள் பள்ளி வாயிற் கதவில் எத்தனை கம்பிகள் இருக்கின்றன? நாள்தோறும் இருமுறை அதனைக் கடந்து செல்கிறீர்கள். ஆயினும் உடனே விடை சொல்லப் பலரால் இயலாது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மாறாமல் இருப்பதைப் பொருட்படுத்தாமல் விடுவது நம் நரம்பு மண்டலத்தின் இயல்பு. காலையில் சட்டை அணியும்போது அது தோலில் படுவதை உணர்கிறோம்; சற்று நேரத்தில் அந்த உணர்வு மறைகிறது. சுவர்க் கடிகாரம் நின்ற பிறகுதான் அது இதுவரை ஒலித்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வருகிறது.

1804-ஆம் ஆண்டில் டிராக்ஸ்லர் என்னும் சுவிட்சர்லாந்து மருத்துவர் இதனைப் பார்வையிலேயே கண்டறிந்தார். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் கரும்புள்ளி ஒன்று இடுங்கள். அதிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, பென்சில் தூளை விரலால் தேய்த்து, ஓரங்கள் தெளிவில்லாத மங்கலான திட்டு ஒன்றை உண்டாக்குங்கள். கண்ணை அசைக்காமல் அரை நிமிடம் புள்ளியையே உற்றுப் பாருங்கள். திட்டு கரைந்து, தாள் முழுவதும் வெள்ளையாகிவிடும். கண்ணைச் சற்றே நகர்த்தினால் திட்டு மீண்டும் தோன்றும்.

பள்ளிக் கதவு மறைவது கண்ணில் அன்று, கவனத்தில். எனினும் இரண்டிற்கும் மருந்து ஒன்றே என்பது என் எண்ணம். பார்வையை நகர்த்த ஏதேனும் ஒரு காரணம் வேண்டும். அப்படிப்பட்ட காரணம் ஒன்றை ஒரு விளையாட்டு தருகிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். 'ஜியோ' என்றால் பூமி; 'கேச்' என்றால் ஒளித்து வைத்த பொருள்.

அது பிறந்த கதை சுவையானது. தரையிலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் ஜி.பி.எஸ். துணைக்கோள்கள் சுற்றி வருகின்றன. குறைந்தது நான்கு துணைக்கோள்களின் சைகைகளைக் கொண்டு, நம் கையிலுள்ள கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. தொடக்கத்தில் அமெரிக்க அரசு, பாதுகாப்பைக் கருதி, பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிவந்தது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தவறக்கூடும். 2000-ஆம் ஆண்டு மே முதல் நாள் நள்ளிரவில் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. ஓர் இரவிலேயே பிழை 20 மீட்டர் அளவுக்குக் குறைந்தது.

இந்த முன்னேற்றத்தைச் சோதித்துப் பார்க்க விரும்பினார் டேவ் உல்மர் என்னும் அமெரிக்கர். மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் ஒரு காட்டுப் பாதையருகே பிளாஸ்டிக் வாளி ஒன்றை வைத்தார். அதில் சில புத்தகங்கள், சிறிது பணம், ஒரு கவண், ஒரு டப்பா அவரை விதை, குறிப்பேடு, பென்சில் ஆகியவை இருந்தன. இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் மற்றவர்களுக்கு அறிவித்தார். மூன்று நாட்களுக்குள் இருவர் வாளியைக் கண்டுபிடித்துவிட்டனர். இன்று உலகெங்கும் 30 லட்சத்திற்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. பெட்டி என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். பல, பழைய புகைப்படச் சுருள் டப்பி அளவே உள்ளவை.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். இந்த விளையாட்டின் உயிர் கருவியின் துல்லியத்தில் இல்லை; அதன் துல்லியக் குறைவில் இருக்கிறது.

திறந்த வெளியில்கூடக் கருவி சில மீட்டர்கள் தவறும். காற்று மண்டலத்தின் மேலடுக்குகள் சைகையைச் சற்றுத் தாமதிக்கச் செய்கின்றன. கட்டிடங்கள் அதனை எதிரொளித்துக் குழப்புகின்றன. அடர்ந்த இலைகள் அதனை மங்கச் செய்கின்றன. ஒரு மைக்ரோ செகண்டு தாமதம் என்றால் 300 மீட்டர் பிழை என்பதை ஒளியின் வேகத்தை அறிந்த நீங்களே கணக்கிடலாம். பிழை பத்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பத்து மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு 314 சதுர மீட்டர். அவ்வளவு இடத்தில் ஒரு சிறு டப்பியைத் தேட வேண்டும். கருவியால் இனிப் பயனில்லை. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட வேண்டியதுதான்.

தேடுபவர் இப்போது என்ன செய்கிறார்? இந்த இடத்தில் இயல்பாக இல்லாதது எது என்று பார்க்கிறார். ஆனால் இயல்பில்லாததைக் கண்டுகொள்ள, முதலில் இயல்பானது எது என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? மரப்பட்டை எப்படி வெடித்திருக்கிறது, பாசி கல்லின் எந்தப் பக்கம் படர்ந்திருக்கிறது, சருகுகள் எங்கே ஒதுங்குகின்றன, பாலத்தின் கைப்பிடியில் எத்தனை திருகாணிகள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார். நூறு முறை கடந்து சென்ற பூங்கா இருக்கை அன்றுதான் அவர் கண்ணில் படுகிறது. டப்பிக்குள் இருப்பது பெரும்பாலும் பெயர் எழுதும் தாள்தான். அதற்காகவா இவ்வளவு தேடினார்?

இதையே இன்னும் தெளிவாக்கியது அமெரிக்கப் புவியியல் கழகம். 2004-ஆம் ஆண்டு முதல் பெட்டியே இல்லாத தேடல்கள் நடைபெறுகின்றன. எண்கள் காட்டும் இடத்திற்குச் சென்றால் அங்கே ஒரு பாறை இருக்கும். அதன் மேலுள்ள கீறல்கள் எத்திசையில் ஓடுகின்றன, பண்டைய பனியாறு எப்பக்கம் நகர்ந்திருக்கும் என்பன போன்ற வினாக்களுக்கு, பார்த்துத்தான் விடை எழுத வேண்டும்.

பார்வையைப் புதுப்பிக்க வேறொரு வழியும் உண்டு. அது நெடுந்தொலைவு நடை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஜார்ஜியா முதல் மெயின் வரை 14 மாநிலங்களைக் கடந்து செல்லும் அப்பலேச்சியன் பாதை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுடையது. ஓரடிக்கு 70 சென்டிமீட்டர் என்றால் 50 லட்சம் அடிகள்! மரங்களில் தீட்டிய வெள்ளைப் பட்டைகளே வழிகாட்டிகள். முழுவதும் நடக்க ஐந்தாறு மாதங்கள் ஆகும். 1955-ஆம் ஆண்டில், 67 வயதான எம்மா கேட்வுட் என்னும் பெண்மணி, 11 பிள்ளைகளின் தாய், சாதாரணத் துணிக் காலணியுடன், தாமே தைத்த பையைத் தோளில் போட்டுக்கொண்டு தனியாக நடந்து முடித்தார். கூடாரமோ, உறங்கும் பையோ அவரிடம் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் நடந்தார்.

இத்தகைய நடையில் ஒவ்வொரு பொருளும் எடையாக மாறிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஊற்றில் முகந்து, தூய்மைப்படுத்தி, சுமக்க வேண்டும். சுமை குறைய வேண்டுமென்று பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியை அறுத்து எறிபவர்களும் உண்டு. மூட்டையுடன் மலையேறும் உடல் நாளொன்றுக்கு 4,000 கிலோ கலோரிக்கு மேல் கேட்கிறது. பை அவ்வளவு உணவைக் கொள்ளாது. பல நாட்களுக்குப் பின் ஓர் ஊரை அடைபவருக்குக் குழாயும் நாற்காலியும் மின்விளக்குப் பொத்தானும் வியப்புகளாகத் தோன்றுகின்றன.

நான் இதனைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இருவகைகளில் எனக்குத் தயக்கம் உண்டு. குடிநீருக்கு நாள்தோறும் குடத்துடன் நடப்பவர்களுக்குத் தண்ணீரின் எடையைப் பற்றி எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. விரும்பி ஏற்கும் வறுமை, விரும்பினால் விட்டுவிடக்கூடிய வறுமை. மற்றொன்று, வீடு திரும்பியவருக்குச் சில வாரங்களில் குழாய் மீண்டும் வெறும் குழாயாகிவிடும். இன்பத்திற்கும் மனம் பழகிப்போகிறது என்பதை உளவியலார் 1971-ஆம் ஆண்டிலிருந்தே விரிவாக எழுதிவருகின்றனர். அதற்காக ஆண்டுதோறும் 3,500 கிலோமீட்டர் நடக்க முடியுமா? சிறிய தேடலையோ அடுத்த தெருவிலேயே, அடுத்த வாரமே மீண்டும் நடத்தலாம். ஆகவே இரண்டில் எனக்கு உயர்ந்ததாகப் படுவது சிறியதுதான்.

அதற்கு ஜி.பி.எஸ்.கூட வேண்டியதில்லை. 1854-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தின் டார்ட்மூர் சதுப்பு நிலத்தில் ஒரு வழிகாட்டி, தொலைவான ஓரிடத்தில் போத்தல் ஒன்றை வைத்து, அங்கு வந்து சேர்பவர்கள் தம் பெயர் அட்டைகளை அதில் இடச் செய்தார். அதிலிருந்து வளர்ந்த விளையாட்டில் திசைகாட்டியும் காலடிக் கணக்குமே போதும். "வேப்ப மரத்திலிருந்து வடகிழக்கே 40 காலடி" என்று எழுதி, உங்கள் பள்ளித் திடலில் தொடங்குங்கள். ஒருவரின் 40 காலடியும் மற்றவரின் 40 காலடியும் ஒன்றாக இராது. மிக நல்லது, பிழை தானாகவே வந்துவிட்டது.

தலைமையாசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். பொது இடங்களில் கிடந்த இத்தகைய பெட்டிகளை வெடிகுண்டென்று ஐயுற்றுக் காவல்துறையை அழைத்த நிகழ்ச்சிகள் பல நாடுகளில் உண்டு. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது என்பதும், மோப்பம் பிடித்து விலங்குகள் வரும் என்பதால் உணவுப் பொருள் வைக்கக் கூடாது என்பதும் இன்றைய விதிகள். டேவ் உல்மரின் வாளி பாதி புதைக்கப்பட்டிருந்தது. அவரை டப்பாவும் உள்ளே இருந்தது. இன்றாக இருந்தால் அதை ஏற்றிருக்க மாட்டார்கள்!