எலும்பு முறிவது விதியாலா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கங்களில், பந்து எறிந்த மாத்திரத்திலே ஒரு பையனுக்குத் தோள் எலும்பு முறிந்துவிட்டால், "போதாத காலம்" என்று சொல்லிக் கட்டுப் போடுமிடத்திற்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பலகையில் "புத்தூர்" என்று எழுதியிருந்தால் போதும், நமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. பந்து எறிந்ததற்கே எலும்பு முறிவானேன் என்று ஒருவராவது கேட்பதுண்டா?

சிறுவர்களின் தோள், தொடை எலும்புகளின் மேற்பகுதியில் நீர் நிறைந்த குழி உண்டாவதுண்டு. அது புற்றுமல்ல, பூர்வஜென்ம பாவமுமல்ல. எக்ஸ்ரே படத்தில் தெரியும். கட்டுகிறவர் விரலுக்குத் தெரியாது. அவ்விடத்தில் புற்றே இருந்தாலும் விரலுக்குத் தெரியப்போவதில்லை.

இதற்கு 1979-ல் இத்தாலிய டாக்டர் ஸ்காலியெட்டி ஸ்டீராய்டு ஊசியைச் சொன்னார். எலும்பு மஜ்ஜையைச் செலுத்துவதே மேல் என்றார்கள் வேறு சிலர். எவர் சொல்லையும் வேதவாக்காகக் கொள்ளாமல், பிள்ளைகளைச் சீட்டுப் போட்டாற்போல் இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். 2008-ல் வெளியான முடிவில், ஸ்டீராய்டில் நூற்றுக்கு 42, மஜ்ஜையில் 23 குழிகளே ஆறின. அதுவும் போதாதென்று, குழியைச் சுரண்டி நிரப்புவது முதலிய முறைகளையும் ஆராய்கிறார்கள்.

தன் தோல்வியை எண்ணிச் சொல்லுகிற வைத்தியம் யோக்கியமானதா, எண்ணவே எண்ணாதது யோக்கியமானதா? பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே கீழ்ப்பாக்கம் சர்க்கார் ஆஸ்பத்திரி இருக்கிறது. தோழர்களே, முதலில் படம் எடுங்கள், கட்டு பிறகாகட்டும்.